மச்சானின் காளையை அடக்கிய கதை

ஆனையூரில் என் டீக்கடைக்கு வரும் பேப்பரில் தினமும் யாராவது எதையாவது அடக்குகிறார்கள். கலவரத்தைப் போலீஸ் அடக்கியது, கட்சிப் பூசலைத் தலைவர் அடக்கினார், காளையை வீரர் அடக்கினார். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் படகேறி வந்த எனக்கு, முப்பது வருடமாகியும் இது வேடிக்கைதான். காளை வளர்க்கும் வீட்டில்தான் பெண் எடுத்தேன். அங்கே யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "மாடு பிடிச்சான்" என்பார்கள், அவ்வளவுதான். விட்டதும் மாடு தன்பாட்டுக்குப் போய்விடும்.

மன்னாரில் இருக்கும் சொந்தக்காரர்களே, உங்களுக்கு இதெல்லாம் விளங்காது. எனக்கும் முழுதாக விளங்காததால்தான் இந்தத் தையில் வம்பு வந்தது.

என் மனைவியின் அண்ணன் பாண்டி மச்சானின் காளை சல்லிக்கட்டில் பாய்ந்து வந்தது. மஞ்சள் பனியன்காரன் ஒருவன் திமிலைக் கட்டிக்கொண்டான். என் கடையில் டீ குடிக்கும் நிருபர் குமார் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அண்ணே, எனக்கு மறைக்குது. புடிச்சிட்டானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று துள்ளல் வரை தொங்கினால்தான் பிடித்ததாகும். அவன் இரண்டாவதிலேயே மண்ணில் கிடந்தான். நான் எண்ணவில்லை. மைக்கில் மாடு ஜெயித்ததாக அறிவித்தபோது குமார் காதில் போனை வைத்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேப்பரில், பாண்டியின் காளையை மஞ்சள் பனியன் வீரர் 'அடக்கினார்'. மூன்று நாள் மச்சான் தெருவில் தலைகாட்டவில்லை. நான்காம் நாள் என் மனைவி கடைக்கே வந்து அழுதாள்.

"அண்ணன் மாட்டை அடிமாட்டுக்குக் குடுக்கப் போகுதாம். யாவாரி சாயங்காலம் வாராராம்."

கடையை அடைத்துவிட்டு விளாங்குடியில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு ஓடினேன்.

"மைக்குல சொன்னது காத்தோட போச்சு மாப்ள," என்றார் மச்சான். "பேப்பர்ல வந்ததுதான் நிக்குது. அடங்குன மாடுன்னு பேரெடுத்ததை வாசல்ல கட்டச் சொல்றீகளா?"

"நிருபருக்குச் சொன்னது நான்தான் மச்சான்."

"எத்தனை துள்ளல்?"

"எண்ணலை."

உதை விழும் என்று கண்ணை மூடினேன். மச்சானின் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"அட, சாட்சி நம்ம சிலோன்காரரா! பசுவுக்கும் காளைக்கும் இவருக்கு இப்பத்தான வித்தியாசமே தெரியும்!"

இந்த ஊர்க்காரனைப் போல வாரேன், போறேன் என்று பேசிப் பேசி முப்பது வருடம் மறைத்து வைத்திருந்த என் சொந்த ஊர், ஒரு நொடியில் வெளியே வந்துவிட்டது. சுருக்கென்றது. ஆனால் யாவாரியை வர வேண்டாம் என்று மச்சான் போன் போட்டுவிட்டார். அதோடு விடவில்லை. காளையை அவிழ்த்துக் கயிற்றை என் கையில் திணித்தார்.

"முன்னாடி நடங்க மாப்ள. கேக்குறவுககிட்ட எல்லாம் நீங்களே சொல்லுங்க."

கூச்சத்தில் எனக்கு வியர்த்தது. இருந்தும் ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்: "பேப்பர்ல வந்தது நான் தப்பாச் சொன்னதுங்க. எனக்கு மாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நான் சிலோன்காரன்."

"அதுக்கென்ன மாப்ள, நம்ம வீட்டுப் பிள்ளைதான நீங்க. உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள்.

உள்ளே போக எனக்கும் ஆசைதான். காளை நின்றால்தானே. ஒவ்வொரு வாசலையும் திரும்பிப் பார்த்தபடியே அதன் பின்னால் ஓடினேன்.