பதினான்கு விளக்குகளும் ஒரு பறக்கும் சோபாவும்

விளக்குக் கடை கொடுத்த அடையாள அட்டையின்படி அவர் ‘மனையக ஒளியமைப்பு ஆலோசகர்’. அவரிடம் யாரும் ஆலோசனை கேட்டதாகத் தகவல் இல்லை. எரியாத பல்பை நீட்டினால் சோதனைப் பலகையில் மாட்டிப் பார்த்து, “போயிடுச்சு” என்பார். இரங்கல் தெரிவிக்கும் தொனியில்தான் சொல்வார். எதைக் கேட்டாலும் வாட் கணக்கில் பதில் வருவதால் கடையில் அவருக்கு வாட் அண்ணன் என்று பெயர்.

வீட்டிலோ அவர் விளக்குகளுக்கு ஜென்ம விரோதி. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துபோய் அணைப்பார். “ஆள் இருந்தாலும் அணைப்பாரு,” என்பது மனைவியின் திருத்தம். “நான் தலைக்குக் குளிச்சிட்டிருக்கும்போதே ரெண்டு தடவ அணைச்சிருக்காரு.”

இப்படிப்பட்டவரின் மேசையில்தான் முதலாளி ஒருநாள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். வாடிக்கையாளரின் அறையை அளவெடுத்துத் திரையில் கட்டி, நம் விளக்கை அங்கே மாட்டினால் எப்படி இருக்கும் என்று புகைப்படம் போலவே காட்டும் மென்பொருள் அதில் இருந்தது.

“பல் டாக்டரம்மா அவங்க வீட்டு ஹால் அளவு குடுத்திருக்காங்க. சனிக்கிழமை வருவாங்க. உன் படத்தப் பாத்து வாங்கினா கவுண்டர் உனக்கு. இல்லன்னா கிடங்குக்குப் போயிடு. படம் போடத் தெரிஞ்ச ஆளா ஒருத்தர எடுத்துக்கிறேன்.”

கிடங்கு கடைக்கு அடியில் இருந்தது. அட்டைப்பெட்டிகளைத் தவிரப் பேச்சுத்துணை கிடையாது. கவுண்டரில் நின்று நாள் முழுக்க வாயாடியே பழகியவருக்கு அது வேலை மாற்றமல்ல, வாய்ப்பூட்டு. எனவே கற்றே தீருவது என்று உட்கார்ந்தார்.

சுவர், ஜன்னல், சோபா, குட்டை மேசை, புத்தக அலமாரி எல்லாம் தட்டுத்தடுமாறி எழுந்துவிட்டன. பிறகு விளக்கு போட்டார். கூரையில் ஆறு, மூலைக்கு ஒன்றாக நான்கு, மீதி அவருக்கே நினைவில்லாத இடங்களில். மொத்தம் பதினான்கு.

முதலாளி திரையை நெருங்கிப் பார்த்தார். “சோபா ஏன்யா பறக்குது?”

“பறக்கலியே முதலாளி.”

“பறக்குது. மேசையும் கூடவே கிளம்புது பாரு.”

வாட் அண்ணன் அசரவில்லை. சோபா தெளிவாகத் தெரியாததுதான் கோளாறு என்று முடிவுகட்டி அதன் அடியில் பதினைந்தாவது விளக்கைப் போட்டார். சோபா இப்போது மேகத்தின்மேல் இருந்தது. பில் போடும் அக்கா எட்டிப்பார்த்து, “அண்ணே, இதுக்கு டிக்கெட் எவ்வளவு?” என்றார்.

வாட் அண்ணனைக் குறைசொல்லிப் பயனில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக அவர் நின்ற இடம் அப்படி. விற்பனைக்கு மாட்டிய நூற்றுக்கணக்கான விளக்குகள் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் எரியும் கடையில் எதற்கும் நிழல் விழுவதில்லை. அறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் கண் படித்து வைத்திருந்தது. டாக்டரம்மாவின் ஹாலை அவர் கட்டவில்லை. தன் கடையையே இன்னொரு தடவை கட்டியிருந்தார்.

அன்று மாலை வீட்டில் வழக்கம்போல எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மனைவி சட்டைக்குப் பொத்தான் தைக்க மேசை விளக்கை மட்டும் விட்டுவைத்தார். பிறகு தரையில் குப்புறப் படுத்து நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கீழ விழுந்துட்டீங்களா?”

“நிழல் பாக்கிறேன். கால் தரையத் தொடுற இடத்துல கருகருன்னு இருக்கு. தள்ளிப் போகப் போக ஓரம் மங்குது.”

“அத இப்பதான் பாக்கிறீங்களா? இந்த வீட்ல நான் வேற எதப் பாத்தேன்?”

அவர் விளக்கின் முன்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தார். வெளிச்சம் துணி முழுக்கப் பரவியது. கீழே நிழலின் ஓரம் இன்னும் மென்மையாயிற்று. துணியை எடுத்தார், ஓரம் மறுபடி கூர்மையானது. இதை அவர் பலமுறை செய்ததில் பொத்தான் கோணலாகத் தைக்கப்பட்டது. அலமாரிக்கு அடியில் கைவிட்டு நிழலை அளந்தபோது மனைவி வெகுநாளாகத் தேடிய கத்தரிக்கோல் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்லப்படவில்லை.

மறுநாள் கடையில், சம்பளம் கொடுக்கும் இடத்தில் முதல்முறையாக, வீட்டில் செய்வதைச் செய்தார். திரையில் இருந்த அத்தனை விளக்குகளையும் அணைத்தார். அறை கும்மிருட்டானது. ஜன்னல் வழியாக வெயிலை மட்டும் உள்ளே விட்டார். மேசையின் நிழல் தரையில் சாய்ந்து விழுந்தது. கூடவே ஓர் உண்மையும் வெளிப்பட்டது: சோபாக் கால்கள் தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றிருந்தன. சோபா நிஜமாகவே பறந்துகொண்டிருந்திருக்கிறது. அத்தனை வெளிச்சத்தில் அந்த இடைவெளி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தரைக்கு இறக்கினார். கண்ணைக் கூசவைத்த வெள்ளைச் சுவரைச் சற்று மங்கலாக்கினார். சோபா பக்கத்தில் துணிக்கூடு போட்ட விளக்கு ஒன்று, மேசைக்கு மேலே தொங்குவது ஒன்று. அவ்வளவுதான். படம் தயாராகும் வரை திரையைவிட்டு நகரவில்லை, தேநீர் ஆறிப்போனது.

சனிக்கிழமை டாக்டரம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார், எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று யோசிப்பவர்போல.

“இந்த மூலை இருட்டா இருக்கே.”

முதலாளி முந்திக்கொண்டார். “அதுக்கென்ன மேடம், நாலு விளக்கு போட்டுக்கலாம்.”

மூலையில் விளக்கு போட்டால் படம் கெடும், கவுண்டரும் போகும் என்று வாட் அண்ணனுக்குத் தெரியும். “போடலாம் மேடம். போட்டா சோபா கிளம்பிடும். அந்த மூலைல அலமாரியோட முதுகுதான் இருக்கு. அது எதையும் படிக்கப்போறதில்ல.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “எங்க ஹால் மாதிரியேதான் இருக்கு. இந்த ரெண்டையும் கட்டுங்க.”

அவர் போனதும் முதலாளி கேட்டார், “பதினாலு போக வேண்டிய இடத்துல ரெண்டாய்யா?”

“வாங்கினா கவுண்டர்னுதானே சொன்னீங்க முதலாளி. எத்தனைன்னு சொல்லலியே.”

முதலாளி இரண்டு விளக்குக்கும் பில் போடச் சொல்லிவிட்டுப் போனார். கிடங்குப் பேச்சும் அதோடு போயிற்று. அட்டையில் ஆலோசகர் என்பது அப்படியே இருக்கிறது. வாட் அண்ணன் செய்தது இதுதான்: தேவையில்லாத விளக்குகளை அணைத்தார், சோபாவைத் தரையில் இறக்கினார், ஒரு மூலையை இருட்டாகவே விட்டார்.