கீழ் வரிசைப் பீன்ஸ்

மழையை நம்பி இதற்கு வடக்கே விதைக்காதீர்கள் என்று தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்தக் காலத்துச் சர்க்கார் நில அளவையாளர் ஒரு கோடு போட்டாரே, அந்தக் கோட்டுக்கு ஆறு கிலோமீட்டர் வடக்கே இருந்தது லெஸ் பெங்கிலியின் ஆட்டுப் பண்ணை. அவனுடைய பூட்டன் இரண்டு வருஷ நல்ல மழையைப் பார்த்துவிட்டு, கோடாவது ஒன்றாவது என்று அங்கே போய் உட்கார்ந்தவர். அவருடைய புத்திசாலித்தனத்தை நாலாவது தலைமுறை அனுபவித்துக்கொண்டிருந்தது.

மூன்று வருஷமாக மழை இல்லை. போன மார்ச்சில், லாரி ஏறக்கூடத் தெம்பில்லாத முந்நூற்றுப் பத்து ஆடுகளை, லெஸ் தானே குழி வெட்டித் தானே சுட்டான். காலையில் தொடங்கியது முடியச் சாயங்காலமாகிவிட்டது. அன்றோடு விசிலடிப்பதை விட்டான். அதுவரை நாயை ஏவ ஒரு விசில், நிறுத்த ஒரு விசில், சும்மா இருந்தால் ஒரு பாட்டு என்று அவன் விசில் அந்த வட்டாரத்திலேயே பிரசித்தம். ஏவ ஆளில்லாமல் ஸ்பானர் என்ற அவன் நாய் டிராக்டருக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தது. மனைவி க்ளெனிஸ் போர்ட் பிரி நகரத்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, சனி ஞாயிறு மட்டும் வந்துபோனாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் அவனும் பதினைந்து வயது மகள் டெஸ்ஸாவும்தான்.

அக்டோபர் மாத வேளாண் கண்காட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் போட்டி உண்டு. ஜெயித்தால் அடிலெய்டில் விடுதியோடு இரண்டு வருஷப் படிப்பு. மாவட்டத்துக்கே ஒரே ஓர் இடம். டெஸ்ஸா அந்தப் புழுதியை விட்டுப் போக வேறு வழி கிடையாது. லெஸ்ஸுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆசையும் அதுதான்.

நிரப்பிக் குளிக்கத் தண்ணீர் ஏது? சும்மா கிடந்த குளியல் தொட்டியில் டெஸ்ஸா மண்புழு வளர்த்தாள். காய்த்தோலையும் நனைந்த செய்தித்தாளையும் தின்றுவிட்டுப் புழுக்கள் வடிக்கிற கறுப்புத் தண்ணீருக்கு அங்கே புழு டீ என்று பெயர். கால்நடைத் தீவனக் கடை கெவ் விடுவானா?

"என்ன லெஸ், உங்க வீட்டுல புழு டீ போடுதாமே? பிஸ்கட்டும் உண்டா?"

"உனக்கு ஒரு கப் அனுப்பட்டுமா? உன் கடை டீயை விட நல்லாத்தான் இருக்கும்" என்றான் லெஸ்.

பின்பக்கக் கண்ணாடி அறையில் மேலும் கீழுமாக இரண்டு பலகை, இருபது பீன்ஸ் தொட்டி. மேல் வரிசைக்குத் தண்ணீர் கலந்த புழு டீ. கீழ் வரிசைக்கு வெறும் தண்ணீர். அளவு ஒன்றுதான், இரண்டு நாளைக்கு அரை டம்ளர். வறட்சியில் எது தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

"ஒரு சொட்டு கூட ஊத்திடாதப்பா. கீழ் வரிசை வாடினா வாடட்டும். செத்தா சாகட்டும். அதுதான் சோதனையே" என்றாள் டெஸ்ஸா.

"எனக்குத் தெரியாதாம்மா" என்றான் லெஸ்.

மூன்று வாரம் முடிந்தபோது மேல் வரிசை பச்சென்று நின்றது. கீழ் வரிசை தலையைத் தொங்கப்போட்டது. டெஸ்ஸா வரைபடத்தில் இரண்டு கோடும் பிரிவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். லெஸ்ஸும் சிரித்தான். ஒரு நாள் அவள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் புறப்பட்டதும் போய்க் கீழ் வரிசைக்கு முன்னால் நின்றான்.

அந்தப் பக்கத்தில் குடித்த மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுகிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். குவளையின் அடியில் ஒரு வாய் இருந்தாலும் அது ஏதாவது ஒரு செடிக்குத்தான். லெஸ் கையில் குவளை இருந்தது. எதிரே பத்து ஜீவன் தண்ணீருக்கு வாடிக்கொண்டு நின்றது. முந்நூற்றுப் பத்துக்குப் பிறகு, இன்னும் பத்தா? அவனால் முடியவில்லை. ஊற்றிவிட்டான். ஊற்றிய பிறகுதான், அடப்பாவி, என்ன செய்தோம் என்று உறைத்தது. மறுநாள் அந்த அறைப் பக்கமே போகக்கூடாது என்று கொல்லையில் சுற்றினான். பத்து மணிக்குக் கால் தானாக அங்கே வந்து நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. பெற்ற மகளின் பிழைப்பைத் தன் கையாலேயே கெடுக்கிறோம் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆறு வாரம் முடிந்தபோது இரண்டு வரிசையும் ஒரே உயரம். டெஸ்ஸா அழவில்லை. அளந்ததை அளந்தபடியே எழுதினாள். மறுபடி தொடங்க நாள் இல்லை. சொல்லிவிடலாம் என்று லெஸ் நாலு தடவை வாயெடுத்தான், நாலு தடவையும் வந்தது, "சாப்பிட்டியாம்மா?"

கண்காட்சிக் கூடத்தில், ஜாம் பாட்டில்களுக்கும் கேக்குகளுக்கும் அடுத்த மேஜை டெஸ்ஸாவுக்கு. நடுவர் ஒரு மண் ஆய்வாளர், நரைத்த அம்மாள். வரைபடத்தில் விரலை வைத்தார்.

"இருபத்திமூணாவது நாள் வரைக்கும் கீழ் வரிசை இறங்கிட்டே வருது. அப்புறம் ஏன் ஏறுது? யாராவது தண்ணி விட்டாங்களா?"

டெஸ்ஸா தரையைப் பார்த்தாள். பின்னால் நின்ற லெஸ் முன்னால் வந்தான்.

"நான்தாங்க" என்றான். "நான்தான் ஊத்தினேன். அவ மேல தப்பில்ல. அவளுக்குத் தெரியாது. வேணும்னா என்னை..." தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்தான்.

"அப்படின்னா இந்தச் சோதனையை நான் கணக்குல எடுக்க முடியாதுங்க" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் வதைத்தது. பிறகு டெஸ்ஸாவின் நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தி, அவன் பக்கம் நகர்த்தினார். "ஆனா, தெரியாதுன்னு சொல்றீங்களே..."

தினமும் கண்டதை எழுதும் பக்கம் அது. லெஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான்.

'நாள் 24. கீழ் வரிசை மண் ஈரம். நான் ஊற்றவில்லை. பஸ் வரவில்லை என்று திரும்பி வந்தேன். கண்ணாடி அறையில் அப்பா விசிலடித்துக்கொண்டிருந்தார். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான்.'

நாள் 25: 'மண் ஈரம்.' நாள் 26: 'மண் ஈரம்.' கடைசி நாள் வரை அதே இரண்டு வார்த்தை.

அவன் விசிலடித்தானா? அவனுக்கே தெரியாது. நடுவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியேப்பா" என்றாள் டெஸ்ஸா.