கடலைப் பார்த்த பிளான்

கல்முனையில் வீட்டு பிளான் வரைந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பிளானைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, "இப்பிடித்தான் மிஸ் கட்டணும்" என்று சொன்ன ஒரே ஆள் பாலமுனை சபியா உம்மாதான்.

அவருடைய மகள் ஹஸ்னாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். எங்கள் ஊர்களில் வீடு பெண் வீட்டார்தான் கொடுக்க வேண்டும்; வீடு எழும்பாமல் கல்யாணம் நடக்காது. காணிக்கு ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் ரோடு, பக்கவாட்டில் ஒழுங்கை என்கிற சின்னச் சந்து. கத்தாரில் வேலை செய்யும் மகன் ரிஸ்வான் சொன்னபடி, முன்வாசல், பெல்கனி, பெரிய கண்ணாடி ஜன்னல் எல்லாவற்றையும் கடல் பக்கமே போட்டிருந்தேன்.

"கடலுக்கு முன்வாசலா? அந்தப் பக்கம் கக்கூசும் சோறாக்கிற குசினியும்தான் வெக்கிற. ரோட்டுக்கு முதுகு காட்டிற ஊட்டப் பார்த்தா மாப்பிள்ள ஊட்டார் என்ன நினைப்பாங்க?" என்றார் சபியா உம்மா.

ரிஸ்வான் வீடியோ கோலில் கத்தினான். "உம்மா, இஞ்ச கடல் தெரியிற ரூமுக்கு வாடகை டபுள்! பொத்துவில் பக்கம் வெள்ளக்காரன் கடல் பார்க்கத்தான் சல்லி குடுக்கான்!"

"அவன் பார்த்துட்டுப் போயிருவான். உன்ட தங்கச்சி அந்த உப்புக் காத்துல இரிக்கணும்டா!"

ஹஸ்னாவின் தகப்பன், தோணிக்காரரான வாப்பாவைக் கேட்டேன். "எனக்கு ஒரு சின்ன ஜன்னல் போதும் மிஸ். தண்ணி கலங்கியிரிக்கா, மத்தவனுகள் தோணி தள்ளிட்டானுகளா எண்டு பார்க்க."

ஒரே கடல்தான். உம்மாவுக்கு அது பின்வளவு. மகனுக்கு விலை கூடிய காட்சி. வாப்பாவுக்கு வேலைத்தளம்.

இழுபறியில் வேலை நின்றது. அத்திவாரம் வெட்ட வந்த மேசன் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். கல்யாணம் தள்ளிப்போகும் போலிருந்தது. அன்று ஹஸ்னா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வீட்டுக்காரியை இதுவரை யாருமே கேட்கவில்லையே என்று தோன்றியது.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும் தங்கச்சி?"

"ரோட்டும் வேணாம், கடலும் வேணாம் மிஸ். ஒழுங்கைப் பக்கம் வாசல வைங்க. நான் அபாயா தைக்கிற. துணி கொண்டு வாற பொம்புளைகள் ஒழுங்கையாலதான் வாற. மெஷின்ல இரிந்தா அவங்க வாறது எனக்குத் தெரியணும்."

சபியா உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

"அப்ப எனக்கு மேல ஒரு பெல்கனியாவது!" என்றது ரிஸ்வானின் வீடியோ கோல் ஓடிக்கொண்டிருந்த போன்.

"ஓம், நீ லீவுல வந்தா இரி," என்றார் உம்மா.

வாசல் ஒழுங்கைக்கு வந்தது. வாப்பாவின் ஜன்னல் கடலுக்குப் போனது. வீடு எழும்பியதும் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா, ரோட்டில் வாசலைத் தேடிக் களைத்து ஒழுங்கைக்குள் வந்தார். சபியா உம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வந்தவரோ தையல் மெஷினைக் கண்டதும் நேரே ஹஸ்னாவிடம் போனார்.

"மகள், இந்த அபாயாவுக்குக் கை நீளம். கொஞ்சம் குறைச்சித் தருவீங்களா?"

கல்யாணம் பேசியபடியே நடந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல காட்சி எந்தப் பக்கம் என்று சைட்டில் நின்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் யார், அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பென்சிலை அதற்குப் பிறகு எடுக்கலாம்.