மஞ்சள் துணியில் முடிந்த பன்னிரண்டு சொற்கள்

போன வருடம் ஆடிக் கிருத்திகை சமயம். திருத்தணியில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நான் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். கபடியில் எப்படிப் பாடிப் போவது என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போய், முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் மறுபடி ஓட முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவைக் கேட்டதும் நானும் வீட்டுக்காரரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினேன். விளையாட்டு டீச்சருக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்து, "ஆபரேஷனுக்கு ஒரு வழி காட்டுப்பா, மலைக்குக் கொண்டு வந்து போட்டுடறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

வழி கனடாவிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்க்கிற என் தங்கை, "என்னோட கிஃப்ட்டுக்கா, உன் காலுக்கு" என்றாள். ஆனால் அவள் சேமித்து வைத்திருந்தது பேங்கில் அல்ல, கிரிப்டோ என்கிற இன்டர்நெட் காசில். எனக்குச் சமையல் கேஸ் புக் பண்ணுவதே பெரிய வேலை. இதெல்லாம் என்ன கண்டேன்? பணத்தை ஒரு லிங்க்கில் வைத்து போனுக்கு அனுப்பினாள், வந்ததும் அமுக்கப் போனேன். வீடியோ காலிலேயே ஒரு அதட்டல் போட்டாள். முதலில் பெட்டி, அப்புறம் பெட்டிக்குச் சாவி, கடைசியில்தான் நகை என்றாள். வாலட் என்கிற அந்தப் பெட்டியை எந்தப் பெயரில் தேடி போனில் இறக்க வேண்டும் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள். பொறுமையே இல்லாத நான் அன்று முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டேன்.

சாவி என்பது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். குடை என்று ஒன்று, வெங்காயம் என்று ஒன்று, முழங்கை என்று ஒன்று. மளிகை லிஸ்ட் மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. போன் தொலைந்தாலும் இந்தச் சொற்களை வரிசை மாறாமல் வேறு போனில் போட்டால் பணம் கிடைத்துவிடுமாம். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் லிங்க்கை அமுக்கவிட்டாள். பணம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆபரேஷன் தேதி வரட்டும், அப்ப ரூபாயா மாத்திக்கலாம்" என்றாள். "ஆனா சொல்லிட்டேன்க்கா. அந்த சீட்ட போட்டோ எடுக்காத. யார் கேட்டாலும் சொல்லாத, பாவா கிட்ட கூட காட்டாத. அந்த வார்த்தை யார் கையில இருக்குதோ, பணம் அவங்களுது."

பாவா என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் அக்கா கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். தங்கைக்கு அவர் மேல் சந்தேகம் இல்லை, அவர் தொழில் மேல் பயம். தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் இரண்டு காப்பி எடுத்து லேமினேஷன் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

சீட்டை எங்கே வைப்பது? பீரோவை அவர் திறப்பார். அரிசி டப்பாவில் பூச்சி வரும். கடைசியில் சாமி அலமாரியைப் பார்த்தேன். வேண்டுதல் முடிச்சை எங்கள் வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள், தூசி தட்டும்போதுகூட. சீட்டைச் சின்னதாக மடித்து அந்த மஞ்சள் துணிக்குள் வைத்து, மறுபடி முடிந்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அவர் வந்ததும், தங்கை பணம் கொடுத்துவிட்டாள், வழி பிறந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். மனிதர் அலமாரி முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிருத்திகை அன்று ஊரே அரோகரா சத்தத்தில் கிடந்தது. அந்தக் கூட்டத்தில் என் முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே போவது? அவர் மட்டும் பக்கத்து வீட்டுக் காவடிக்காரர்களோடு விடியற்காலையிலேயே மலைக்குப் போனார். மத்தியானம் நெற்றி நிறைய விபூதியோடு, சிரித்த முகமாக வந்தார்.

"உன் வேண்டுதல முடிச்சிட்டேன் டீச்சர்."

எந்த வேண்டுதல் என்றேன்.

"அதான், மஞ்சத் துணி. வழி பொறந்துடுச்சுன்னு நீதான சொன்ன? வேண்டினது நடந்தப்புறம் காச வீட்ல வச்சிகினு இருக்கக் கூடாது. உன்னால ஏற முடியல, நான் போயி உண்டியல்ல போட்டுட்டேன். முடிச்சு கொஞ்சம் தடியா இருந்துச்சு. நோட்டும் சேத்து வச்சிருப்பன்னு நெனச்சேன்."

அலமாரியைப் பார்த்தேன். துணி இருந்த இடம் காலி. என்னென்னவோ கத்தினேன். விஷயம் புரிந்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் ஏற முடியாத மலையை எனக்காக ஏறிவிட்டு வந்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்தும் கத்தினேன்.

உண்டியலில் விழுந்தது சாமியுடையது. அதைத் திருப்பிக் கேட்க எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. எண்ணுகிற நாளில் யாராவது முடிச்சை அவிழ்ப்பார்கள், சீட்டைப் பார்ப்பார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் தங்கை சொன்னது காதிலேயே நின்றது. வார்த்தை யார் கையில் இருக்கிறதோ, பணம் அவர்களுடையது.

தங்கைக்குப் போன் போட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை, எடுக்கவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. கிரிப்டோ சந்தேகங்களைக் கேட்கிற ஒரு குரூப்பைப் போனில் தேடிப் பிடித்து, சாவிச் சொற்கள் தொலைந்துவிட்டன, யாராவது உதவுங்கள் என்று போட்டேன். நம்பரும் கொடுத்தேன். வைத்த கை எடுப்பதற்குள் ஒருவர் கூப்பிட்டார். வாலட் கம்பெனியின் உதவி மையத்திலிருந்து பேசுகிறாராம்.

"டென்ஷன் ஆவாதீங்க மேடம், நாங்க எதுக்கு இருக்கோம்? அந்த பன்னெண்டு வார்த்தைய மட்டும் சொல்லுங்க, லாக் பண்ணிடறேன்."

என்ன ஒரு குரல், தேன் ஒழுகியது. சீட்டு உண்டியலில் இருக்கிறது என்றேன். பரவாயில்லை, ஆப்பிலேயே செட்டிங்ஸில் போனால் அந்தச் சொற்கள் தெரியும், திறந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள் என்றார். எனக்கு அது வரமாகப் பட்டது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆப்பைத் திறந்தேன். சொற்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் சொல்லைப் படிக்க வாயைத் திறந்தபோது, தரையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

"ஏம்மா, எங்கிட்டயே சொல்லாத வார்த்தைய இவருக்கு ஏன் சொல்ற? இவரு யாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த வலி எனக்கு முழங்கால் வலியைவிடப் பெரிதாக இருந்தது. போனில் அந்த ஆள், "சீக்கிரம் மேடம், டைம் இல்ல" என்று அவசரப்படுத்தினார். உதவி செய்ய வந்தவருக்கு என்னைவிட என்ன அவசரம் என்று அப்போதுதான் உறைத்தது. கட் பண்ணினேன். திரும்பத் திரும்ப அடித்தது. போனையே அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். "வுடு டீச்சர், போனா போவுது. கால நான் புடிச்சி வுடறேன்" என்றார். அதற்கு இன்னும் அழுதேன்.

சாயந்திரம் போனை மறுபடி போட்டதும் தங்கை வீடியோ காலில் கூப்பிட்டாள். கதையைக் கேட்டு முதலில் திட்டினாள், பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பெட்டி இன்னும் என் போனில்தானே இருக்கிறது, பணமும் அப்படியே இருக்கிறதே என்றாள். புதுப் பெட்டி ஒன்று திறந்து, புதுச் சொற்களை எழுதிக்கொண்டு, பழையதில் இருப்பதை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டால் போதும். பழைய சொற்கள் யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் திறப்பது காலிப் பெட்டியைத்தான்.

"இந்த வாட்டி பாவாவ பக்கத்துல உக்கார வச்சிக்கோக்கா" என்றாள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உனக்கு ஒண்ணுன்னா அவருக்குத் தெரிய வேணாமா?"

நான் படித்தேன், அவர் எழுதினார். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற கை, அச்சு மாதிரி எழுத்து. எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில், "ஒரு காப்பி எடுத்துகினு வரட்டா?" என்றார். ஜெராக்ஸ் மிஷின் பக்கமே போகக் கூடாது, கையாலேயே இன்னொரு சீட்டு எழுதுங்கள் என்று தங்கை கும்பிட்டாள். "ஆங், சரி சரி" என்று எழுதினார். இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. எங்கே என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

தை மாதம் ஆபரேஷன் நடந்தது. கிரிப்டோவை முறைப்படி விற்று, வரி போக வந்ததில் ஆஸ்பத்திரிச் செலவு முடிந்தது. இந்த வருட ஆடியில், கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு, படிக்கட்டு வழியாகவே மெதுவாக ஏறினேன். அவர் ஒரு படி பின்னாலேயே வந்தார், விழுந்தால் பிடிக்கிறாராம். கால் நன்றாக வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் முடிந்து வைத்த புது மஞ்சள் துணி என் கையில் இருந்தது. உண்டியலில் போடப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். முடிச்சை அவிழ்த்து, ஒரு ரூபாய் மட்டும்தான் இருக்கிறது என்று பார்த்து, மறுபடி முடிந்து கொடுத்தார். பின்னால் நின்ற ஆந்திராக்காரக் குடும்பம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே போட்டோம்.

இப்போதெல்லாம் எதை ஒளித்து வைத்தாலும், அது காணாமல் போனால் யார் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேனோ, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.