மூன்றாம் வளைவில் மூன்று செகண்ட்

பிள்ளைகளா, நேற்று சாயங்காலம் டிரைவர் இல்லாமல் ஓடும் காரை போனில் பார்த்துவிட்டு, "நைனா, இனிமே யாரும் கஷ்டப்பட்டு ஓட்ட வேணாம், ஜாலியா குந்திகினு போலாம்" என்று குதித்தீர்கள். நான் எழுந்து வெளியே போனேன். உங்கள் மேல் கோபமில்லை. காரணத்தை எழுதி வைக்கிறேன்.

எண்ணூர் கண்டெய்னர் யார்டில் நான் டிரெய்லர் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் என் வண்டியைச் சுற்றிக் கேமரா மாட்டினார்கள். "எப்பவும் போல ஓட்டுங்கண்ணே, மெஷின் பாத்துக் கத்துக்கும்" என்றார் இன்ஜினியர் தம்பி.

கூட ஓட்டுகிற என் தோஸ்து சிரித்தான். "இன்னா மாமு, உன் சீட்டுக்கு நீயே ஆள் ரெடி பண்ணிகினு கீற?"

எனக்குத்தான் தலைக்கனம். அத்தனை டிரைவர்களில் என்னையல்லவா கூப்பிட்டார்கள்! நாற்பதடிப் பெட்டியை ஒரே ரிவர்ஸில் சொருகிக் காட்டினேன். கலீஜாக ஓட்டித் தொலைத்திருக்கலாம். அது எனக்கு வராது.

மூன்றாம் வளைவில் மட்டும் நாங்கள் எல்லோரும் நிறுத்தி, சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் எடுப்போம். பெட்டியின் பூட்டைப் பார்க்க இறங்கிய எங்கள் ஆள் ஒருவன், பின்னால் வந்த வண்டியில் நசுங்கிச் செத்த இடம் அது. அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. செய்தோம்.

இந்த மாதம் ஆளில்லாத வண்டி வந்தது. என் திருப்பம், என் ரிவர்ஸ், அச்சு அசல். மூன்றாம் வளைவில் நிற்காமல் போனது. ஏன் என்று இன்ஜினியர் தம்பியைக் கேட்டேன்.

"அந்த மூணு செகண்ட் வேஸ்ட்டுண்ணே. எல்லா டிரிப்லயும் இருந்துச்சு, கட் பண்ணிட்டோம்."

"இன்னாத்துக்கு நிக்கிறோம்னு ஒரு வார்த்த கேட்டியா தம்பி?"

"கேமராவுல அது தெரியலண்ணே" என்றார். கெட்ட பிள்ளையில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நேற்றுக் காலை சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இனி எனக்கு யார்டு கேட்டில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் சீட்டைச் சரிபார்க்கும் வேலையாம். ஸ்டியரிங்கைத் தொட வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மூன்றாம் வளைவுக்கு நடந்தேன். காலி கேபினோடு அந்த வண்டி வந்தது. ஆள் குறுக்கே நின்றால் அது நிற்கும் என்று எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். ஆட்கள் தாண்டக் கூடாதென்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் நடுவில் நின்றேன்.

நின்றது.

மனசுக்குள் மூன்று எண்ணினேன். பிறகு ஒதுங்கி வழிவிட்டேன்.