கோர்ட் வாசல்ல கழட்டின செருப்பு

கான்வஸ் சப்பாத்துக்கு பூசுற வெள்ளைக்கு ஒரு மணம் இருக்கு... ஈரச் சுண்ணாம்பு மாதிரி. தேயிலைத் தோட்டத்துல இருந்து ஹாலிஎல டவுன் ஸ்கூலுக்கு எறங்கின ஆளுங்களுக்கு இத வாசிக்கும்போதே அந்த மணம் வரும்.

நானும் கோமதியும் ஒரே லயத்து வீட்டு வரிசை. பக்கத்து பக்கத்து காம்பரா.

ரோடெல்லாம் சேறு, போதாததுக்கு அட்டை கடிச்சு ரத்தம் வேற. அதனால சப்பாத்த பேக்ல வச்சிக்கிட்டு வெறுங்கால்ல எறங்குவோம். ஸ்கூல் கேட் பைப்புல கால கழுவிட்டு, அங்கதான் போடுவோம்.

அவ அம்மா அவ சின்னப் புள்ளையா இருக்கும்போதே தவறிட்டாங்க. எங்கம்மாதான் கொழுந்தெடுத்துட்டு வந்து ரெண்டு பேரு சப்பாத்துக்கும் வெள்ளை பூசும். அப்பவே எனக்கு அவ சப்பாத்துதான் கூட வெள்ளையா தெரியும்...

ரெண்டு பேரும் சேர்ந்தேதான் லா காலேஜ் போனோம், லோயர் ஆனோம். அப்புறம் ஜட்ஜ் எக்ஸாம் எழுதினோம். அவளுக்கு கெடச்சது. நான் திரும்பவும் எழுதினேன், அதுவும் சரிவரல.

ஒளிச்சு என்ன ஆகப்போவுது? எனக்கு பொறாமை. நல்ல பொறாமை, கெட்ட பொறாமைன்னு பிரிக்க எல்லாம் தெரியாது. வயிறு எரியும், அவ்ளோதான்.

அவளுக்கு ஊர் ஊரா மாத்தல். குவாட்டர்ஸ், வாசல்ல பொலிஸ். ஆனா ஜட்ஜா இருந்துக்கிட்டு கல்யாண வீட்டுக்கு நெனச்ச மாதிரி போக ஏலாது, தேர் திருவிழாவுல நாலு பேரோட நின்னு பேச ஏலாது. பாவம், தனியா கெடக்குறான்னு சொல்லி மனச ஆத்திக்குவேன். ரெண்டு நாள் தாங்கும்...

போன வருஷம் பாத்து, நான் கேஸ் பேசுற கோர்ட்டுக்கே நீதவானா வந்து சேர்ந்தா. அவ உள்ள வந்தா எல்லாரும் எந்திரிக்கணும், லோயர்மாரு தல குனியணும். என் கழுத்து மட்டும் லேசுல வளைய மாட்டேங்குது.

எங்க தோட்டத்து சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கோர்ட் வாசல்லயே செருப்ப கழட்டிருவாங்க. தொரை ஆபீஸ்ல பழகின பழக்கம். நானும் எத்தனையோ வருஷமா அந்த வாசல்ல நின்னு, போட்டுக்கிட்டே வாங்க, யாரும் ஏச மாட்டாங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன். இருக்கட்டும் மிஸ்னு சிரிச்சிட்டுப் போயிருவாங்க.

ஒரு மழ நாள்... லயத்துப் பையன் ஒருத்தனுக்கு பிணை நிக்க எங்கம்மா வந்துச்சு. வேற லோயரோட கேஸ், நான் சும்மா ஒக்காந்திருந்தேன். வாசல்ல செருப்ப கழட்டும்போதே வேணாம்மான்னேன். பெரிய எடம்டி, ஒனக்குத் தெரியாதுன்னுச்சு. அந்த எடத்துலயே சோறு திங்கிற எனக்கு!

பேர் கூப்பிட்டாங்க. அம்மா கூண்டுல ஏறி நின்னுச்சு. கோமதி ஃபைல்ல இருந்து தலைய தூக்கி மொகத்தப் பாத்தா. அப்புறம் கால.

அங்க எல்லாம் சிங்களத்துலதான் ஓடும். தமிழ் ஆளுங்களுக்கு கோர்ட் முதலியார்தான் மொழிபெயர்த்து சொல்லுவாரு. அவ முதலியார் பக்கமே திரும்பல. நேரா தமிழ்ல சொன்னா.

"செருப்ப போட்டுட்டு வாங்கம்மா. நாங்க காத்திருக்கோம்."

லயத்துல கூப்பிடுற மாதிரி பெரியம்மான்னு கூப்பிடல. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல, காட்டவும் கூடாது. ஆனா எங்கம்மா மெதுவா வெளிய போயி, அந்தக் குமியல்ல தன் சோடிய தேடி, போட்டுட்டு திரும்பி வர்ற வரைக்கும்... பொலிஸ், லோயர்மாரு, ஜட்ஜ், அத்தன பேரும் காத்துக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு கண்ணு கலங்கிருச்சு. கூடவே வயிறும் எரிஞ்சுச்சு. அந்த வார்த்தைய சொல்லத்தானே நானும் அந்த ஜட்ஜ் கதிரையில ஒக்கார ஆசப்பட்டேன்?

அம்மா லயம் பூரா கதைய சொல்லிருச்சு. இப்ப வாசல்ல ஒரு செருப்பு கெடயாது. நான் வருஷக்கணக்கா தொண்ட வத்த சொன்னது, அவ ஒரு தடவ சொன்னதோட நடந்திருச்சு.

அப்ப ஒரே பைப்புல கால கழுவினோம்... இப்ப அவ மேல, நான் கீழ. நாங்க பேசிக்கிறதுகூட கேஸ் நம்பரோட சரி.

நேத்து அம்மா புது செருப்பு கேட்டுச்சு. அந்தப் பையன் கேஸ் அடுத்த தவணைக்கு கூப்பிடுற அன்னைக்கு பிணைக்காரங்களும் வரணுமாம். அந்தப் புள்ள கால பாக்கும்டின்னுச்சு. பதுளை டவுனுக்கு கூட்டிட்டுப் போனேன். கடைக்காரர் கறுப்பு, மண்ணெறம்னு எத்தனையோ எடுத்துப் போட்டாரு.

அம்மா எதையும் தொடல. வெள்ளைதான் வேணும்னுச்சு.