அண்ணை பாரிசில் இருப்பதாக நான் எழுதிய கடிதம்

நீல மை முத்திரை அது. வட்டத்துக்குள் கடையின் பெயர், அதன்கீழ் பாரிசின் லா சப்பல் முகவரி. எங்கள் சனத்தின் பப்பியே வேலைகள், அதாவது கடதாசி அலுவல்களெல்லாம், நடக்கிற கடை எங்களுடையது. படிவம் நிரப்புவோம், நகல் எடுப்போம், வந்த பிரெஞ்சுக் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்துவோம். முதலாளி முன்னால் இருந்து ரெலிபோன் காட் விற்பார். எழுத்துவேலை முழுக்க என் தலையில். வெறும் கடதாசியில் அந்த முத்திரையைக் குத்திவிட்டால் அதற்கு ஒரு அரசாங்கக் களை வந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஏன் மறைப்பான்? 2009ஆம் ஆண்டு ஆனி மாதம் என் சொந்த அண்ணையைப் பற்றி ஒரு பொய்யை எழுதி, கீழே அந்த முத்திரையை இரண்டு தரம் குத்தினேன். முதல் தரம் சரியாகப் பதியவில்லை.

அண்ணை வன்னியில் இயந்திரம் திருத்துகிறவர். துவக்குத் தூக்கினவரில்லை. இயக்கத்தின் ஜெனரேற்றர்களை மூன்று மாதம் திருத்திக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். வைகாசியில் சனமெல்லாம் ஆமியின் பக்கம் நடந்து வந்தபோது, ஒரேயொரு நாள் இயக்கத்தோடு இருந்தவர்கள்கூடத் தனியாக வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். அண்ணிக்குப் பக்கத்தில் பதினாறு, பதினாலு வயதில் அவர்களுடைய இரண்டு பெடியள். "நான் போகாட்டி இவங்களைத்தான் பிடிப்பாங்கள். ஒரு சின்ன விசாரணைதானாம்" என்று சொல்லிவிட்டு அண்ணை போய் பஸ்ஸில் ஏறினார். அண்ணி கண்ணால் கண்டது அது. யன்னலோரம் இருந்து, தண்ணீர் குடி என்று கையால் காட்டினாராம். அவரைக் கொண்டுபோனதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட யாரும் கொடுக்கவில்லை.

முகாமிலிருந்து யாருடையதோ களவாக வைத்திருந்த போனில் அண்ணி எடுத்தார். "மச்சாள், நாளைக்குக் குடும்பம் பதிய வருவாங்கள். அவரைப் பற்றிக் கேட்டால் என்னத்தைச் சொல்ல? சரணடைஞ்சவர் எண்டு சொன்னால் பெடியளையும் பார்ப்பாங்கள்."

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீட்டில் ஒரு ஆம்பிளையைக் காணவில்லையே என்று ஆமி கேட்டால், வெளிநாட்டில் என்று சொல்வது எங்கள் சனத்துக்குக் கைவந்த பாடம். மகன் பின்வளவில் ஒளித்திருக்க, தாய் வாசல் படலையில் நின்று "அவன் லண்டனிலை ஐயா" என்பாள். எத்தனை உயிரைக் காப்பாற்றிய பொய் அது! "இஞ்சை பிரான்சிலை என்னோடை இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ அண்ணி. நான் கடிதம் அனுப்பிறன்" என்றேன். அனுப்பினேன். பெடியளை ஒருவரும் தொடவில்லை. சார்செலில் இருந்த என் வீட்டுக்கு ரயிலில் போகும்போதெல்லாம், என்னைப் போலக் கெட்டிக்காரி உண்டோ என்று எனக்குள்ளேயே நினைத்துக்கொள்வேன். விசரி!

அடுத்த வருடம் முகாமை விட்டு வெளியே விட்டார்கள். அண்ணி ஒரு சட்டத்தரணியிடம் போனார். கைது செய்ததாக எங்காவது ஒரு வரி பதிவு இருந்தால் போதும், ஆளைக் கொண்டுவா என்று கோர்ட்டில் கேட்கலாம் என்று அவர் சொன்னார். ஒரு வரி! அந்த ஒரு வரிக்காக அண்ணி வன்னியில் ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. காட்டுப் பாதையில் இரண்டு பஸ் மாறி, அண்ணையின் படத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, தமிழ் தெரிந்த பொலிஸ்காரன் சாப்பிட்டுவிட்டு வரும்வரை வேப்பமரத்தின் கீழ் காத்திருப்பார்.

ஒரு நிலையத்தில் பதிவுப் புத்தகத்தை உண்மையாகவே எடுத்துப் பார்த்தார்களாம். அதிகாரி விரலை வைத்து வரிவரியாக இறங்கினானாம். அண்ணிக்கு அந்த விரலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வேறொரு கோப்பை எடுத்துவரச் சொன்னான். அதற்குள் முகாம் பதிவும், அதோடு சேர்த்துக் குத்தியிருந்த என் கடிதமும். "அம்மா, உங்கட மனுசன் பாரிசிலை. நீங்களே சொல்லிப் பதிஞ்சிருக்கிறீங்க. பாரிசில் இருக்கிற ஆளை நாங்க எப்படிக் கைது செய்யிறது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டானாம்.

அன்றிரவே அண்ணி போனில் இதைச் சொன்னார். மறுநாளே உட்கார்ந்து, நான் எழுதியது பொய், அண்ணை ஒருநாளும் பிரான்சுக்கு வந்ததில்லை என்று எழுதி அனுப்பினேன். அதே கடை, அதே கையெழுத்து. நீங்கள் அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது சொல்கிறீர்களா என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, புதிய அலுவலகங்கள் திறந்தார்கள், அண்ணி ஒவ்வொன்றுக்கும் போனார். எங்கே போனாலும் அந்த முதல் கடிதம் அவருக்கு முன்னால் போய் இருந்தது. ஒருநாள்கூட அண்ணி என்னைத் திட்டவில்லை. "நீர் பெடியளைக் காப்பாத்தினனீர்" என்பார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எங்கள் கடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக வந்த பெடியளுக்கு நிலையான விலாசம் இருக்காது. மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு அறையில் ஆறு பேர் படுப்பார்கள், அடுத்த மாதம் எங்கேயென்று தெரியாது. அதனால் கடை விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். ரெக்கொமாந்தே என்கிற பதிவுத்தபால் வந்தால், கிடைத்ததென்று மட்டையில் கையெழுத்து வைத்து வாங்கி வைப்பது நான். அந்த மட்டை அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். தபால்காரனுக்கும் பழகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, கடை நிறையச் சனம், அவன் ஐந்தாறு தபாலை ஒன்றாக நீட்டினான். பெயரைப் பார்க்காமலே எல்லாவற்றிலும் கிறுக்கிக் கொடுத்தேன்.

அவன் போனபின் பார்த்தால், ஒன்றில் அண்ணையின் பெயர். அண்ணி போன அலுவலகங்களில் ஒன்றின் கொழும்பு முத்திரை.

நின்ற இடத்திலேயே பிரித்தேன். "உங்கள் மனைவி உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து அவருடன் தொடர்புகொள்ளவும்." வேறொன்றுமில்லை. நான் வாங்காமல் விட்டிருந்தால், இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று எழுதி அது திரும்பிப் போயிருக்கும். அண்ணை பாரிசில் இல்லை என்று சொல்கிற ஒரேயொரு அரசாங்கக் கடதாசியாக அது இருந்திருக்கும். மெத்ரோப் பாலத்தின் கீழ் ஓடிப்போய்த் தபால்காரனைப் பிடித்தேன். "வைத்த கையெழுத்து வைத்ததுதான், மதாம்" என்றான். நடுத்தெருவில் நின்று என் கையை நானே ஏசினேன். கோதாரி விழுந்த கை.

இரண்டு மாதம் கழித்து அண்ணி போன் எடுத்தார். அவர் குரலில் அப்படி ஒரு தெளிவை நான் பல வருடமாகக் கேட்டதில்லை.

"மச்சாள், கந்தோருக்குக் கூப்பிட்டுக் காட்டினவங்கள். அவர் கையெழுத்து வைச்சு வாங்கின மட்டை."

"ஐயோ அண்ணி, அது நான் வைச்சது. பார்க்காமல் வைச்சிட்டன்."

அண்ணி மெதுவாக, "எனக்கு விளங்குது. என்னோடை கதைக்க அவருக்கு ஏதோ மனவருத்தம். பரவாயில்லை. அங்கை உயிரோடை இருந்தால் எனக்குக் காணும்" என்றார். நான் கத்தினேன், அழுதேன், என் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினேன். "அவர் சொல்லச் சொன்னதைத்தானே நீர் சொல்லுறீர்" என்றார். என்னிடம் அவருக்குக் கோபமே இல்லை.

அதன்பிறகு அண்ணி எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் போவதில்லை. சட்டத்தரணியிடம் இருந்த கோப்பையும் திருப்பி வாங்கிவிட்டார். பெடியள் கலியாணம் முடித்து அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். அப்பா எங்கே என்று அவர்களும் கேட்பதில்லை. அந்த அலுவலகங்களுக்கு நான் எழுதுகிற கடிதங்களுக்கு இப்போது பதிலே வருவதில்லை. அந்தப் பஸ்ஸில் ஏறின மனிதனைத் தேட என்னைவிட உலகத்தில் வேறு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி தவறாமல் எடுப்பார். மழை, விலைவாசி, பேரப்பிள்ளைக்குப் பல்லு முளைத்தது எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவர் நேரத்துக்குச் சாப்பிடுறாரோ?" என்று கேட்பார்.

"அண்ணை இஞ்சை இல்லை, அண்ணி" என்பேன்.

"ஓம் ஓம், பக்கத்திலை நிக்கிறார் போல. பிறகு கதைப்பம்" என்று சொல்லி வைத்துவிடுவார்.